ஒன்றரை இஞ்ச் விசேஷம்

"என் டேப்பு தப்பு சொன்னதில்ல, என் வாய் எதையும் மறைச்சதில்ல. வேணும்னா எழுதி வச்சுக்கோங்க!"

இஞ்சக்கா இப்படி முழங்கியபோது, எதிரே வங்கி மேலாளர் அம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். கைகள் அந்தரத்தில் இருந்ததால் அவரால் எழுதி வைத்துக்கொள்ள முடியவில்லை. பாதகமில்லை. அந்தத் தெருவில் இதை எழுதி வைத்து ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டிய நிலையில் யாரும் இல்லை.

செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் பக்கவாட்டில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. ஏறினால் இஞ்சக்காவின் சீருடைத் தையல் கடை. மூன்று மெஷின், ஒரு நீள மேசை, ஆளுயரக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, உடை மாற்ற மூலையில் ஒரு திரை. அக்கம்பக்கத்து மருத்துவமனை, வங்கி, ஹோட்டல் வரவேற்பறை என்று எங்கெல்லாம் பெண்கள் ஒரே நிறத்தில் நிற்கிறார்களோ, அவர்களெல்லாம் இந்தப் படியேறி இந்த டேப்புக்குள் ஒருமுறை சுற்றப்பட்டவர்கள். அந்த டேப்பு மஞ்சள் நிறம், முனையில் பித்தளைத் தகடு. குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் இஞ்சக்காவின் கழுத்தில்தான் அதற்கு வாசம்.

தையலில் கெட்டிக்காரிகள் உலகில் எத்தனையோ பேர். இஞ்சக்கா பேர் வாங்கியது வேறொரு துறையில். பரிசோதனைக் கூடங்கள் சிறுநீரைக் கேட்டன, மருத்துவமனைகள் ஸ்கேன் கேட்டன. இஞ்சக்காவுக்கு இடுப்பு போதும். அளவெடுத்துக்கொண்டே கையை நிறுத்துவாள். புருவத்தைத் தூக்குவாள். "என்ன, விசேஷமா?" என்பாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வீட்டில் எல்லாரும் சிரித்த முகமாக வாசலில் நிற்பார்கள்.

இந்த 'விசேஷம்' என்ற சொல்லின் மகிமையை எண்ணிப் பார்த்தால் மெய்சிலிர்க்கிறது. கடிதத்தில் 'வேறு விசேஷம் ஒன்றுமில்லை' என்று எழுதினால் எல்லாரும் சௌக்கியம் என்று பொருள். அதையே கல்யாணமான ஒரு பெண்ணைப் பார்த்து, "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டால் அது குற்றப்பத்திரிகை. கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்கலாம். பதில் சொல்பவளும் சிரித்தாக வேண்டும். அவள் கர்ப்பப்பையைப் பற்றி ஊரே பொதுக்கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, ஒரு ஆபாசமான வார்த்தைகூடப் பேசாத திருப்தியோடு வீட்டுக்குப் போகலாம். இவ்வளவு வசதி வேறு எந்தச் சொல்லில் உண்டு?

இஞ்சக்காவிடம் வேலை பார்த்தவள் பொத்தான். பொத்தான் தைக்க என்று வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். இப்போது கோட்டே வெட்டுகிறாள், ஆனாலும் பெயர் பதவி உயர்வு பெறவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் பொத்தான், கம்ப்யூட்டரில் உடைகளுக்கு வெட்டு வரைபடம் போடும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய மாமியார் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். கவுன்ட்டர் ஓட்டை வழியாக ஒரு வாழ்நாள் முழுக்கக் கேட்ட இரண்டு கேள்விகளை அவர் இன்னும் விடவில்லை. மருமகள் காபி டம்ளரை நீட்டும்போதும் கேட்பார்: "எப்போ? எத்தனை?"

சம்பவம் நடந்த அன்று மருத்துவமனைக்குப் புதுச் சீருடையின் மாதிரி தைக்க வேண்டியிருந்தது. யாராவது ஒருத்தி அளவு கொடுத்து நிற்க வேண்டும். பொத்தான் ஊக்கு எண்ணிக்கொண்டே நின்றாள். டேப்பு இடுப்பைச் சுற்றியது. இஞ்சக்காவின் கை நின்றது.

கல்யாணத்துக்கு உடை தைத்தபோது முப்பது. இப்போது முப்பத்தொன்றரை.

வழக்கத்துக்கு மாறாக அவள் புருவத்தைத் தூக்கவில்லை. சொந்தக் கடைப் பெண் ஆயிற்றே, அவளிடம் கேட்டுச் சங்கடப்படுத்துவானேன் என்ற பெருந்தன்மை. அதனால் அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொன்னாள். மேலாளர் அம்மாளிடம் படியிறங்கும்போது சொன்னாள். செல்போன் கடைக்காரரிடம் ஜன்னல் வழியாகச் சொன்னாள். மாமியாருக்கு மட்டும் முறைப்படி போன் போட்டாள்.

"அண்ணி, உக்காந்திருக்கீங்களா? உக்காந்துக்கோங்க. ஒன்றரை இஞ்ச்."

மாமியார் முட்டிவலிக்காரர். அந்தப் படியை இந்த ஜென்மத்தில் ஏறுவதில்லை என்று சபதம் செய்தவர். ஏறி வந்தார். பொத்தான் கையிலிருந்த பெரிய கத்தரிக்கோலைப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

"கனமானது எதையும் தூக்காதடி கண்ணு. நாளையிலேருந்து இந்தப் படி ஏறக்கூடாது. சாயங்கால வகுப்பும் வேண்டாம். கம்ப்யூட்டர் வெளிச்சம் வயித்துக்கு ஆகாது."

"அத்தை, எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"எல்லாப் பொண்ணுங்களும் மொதல்ல இப்படித்தான் சொல்லும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மகன் தன் பங்குக்குச் சாட்சி சொன்னான். "அம்மா, நிஜமாவே இல்லம்மா."

"உனக்கென்னடா தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?"

மருந்துக் கடையிலிருந்து பரிசோதனை அட்டையும் வாங்கி வந்து காட்டினார்கள். ஒரே கோடு. மாமியார் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு தீர்ப்பு சொன்னார்: "இதுல வந்திருக்கிறது ஒரு கோடு. டேப்புல வந்திருக்கிறது ஒன்றரை இஞ்ச். எது பெருசு, நீங்களே சொல்லுங்க."

விஞ்ஞானம் தலைகுனிந்து வெளியேறியது.

மறுநாள் மதியம், கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பொத்தான் படியேறி வந்தாள். பின்னாலேயே கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் புருஷன்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க," என்றாள் பொத்தான்.

இஞ்சக்காவின் கடையில் இஞ்சக்காவையே உட்காரச் சொன்னவர் இதற்கு முன் யாரும் இல்லை. உட்கார்ந்தாள்.

"என்னம்மா, வாந்தி ஏதாவது..."

"வாந்தியும் இல்ல, விசேஷமும் இல்ல. பிஸ்கட்."

"பிஸ்கட்டா?"

"தினம் டீ வந்ததும் ஒரு பாக்கெட்ட பிரிச்சு, 'ஆளுக்குப் பாதி'ன்னு சொல்றீங்க. நீங்க ரெண்டு எடுத்துக்கிட்டு மிச்சத்த என் பக்கம் தள்ளுறீங்க. எட்டு மாசம்கா. அதெல்லாம் எங்க போய் உக்காரும்?"

இஞ்சக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பார்த்தாள். அது மஞ்சளாக, ஒன்றும் அறியாததுபோல் தொங்கியது.

"இருந்தாலும் ஆரம்பமா இருக்கலாமே. உனக்கே தெரியாம..."

"எனக்குத் தெரியாம வராதுக்கா. இப்ப வேண்டாம்னு நாங்க முடிவு பண்ணியிருக்கோம்."

"மொதல்ல இவ மாத்திரை எடுத்தா," என்றான் மெக்கானிக். "தலைவலி வந்துச்சு. டாக்டர்கிட்ட போய்ப் பேசினோம். நிறுத்தினோம். இப்போதைக்கு நான் பாத்துக்கிறேன்."

"நீ என்னத்தடா பாத்துக்கிற?"

"காண்டம்கா."

மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்கிற அதே குரல். மூச்சு வாங்கவில்லை. தரையைப் பார்க்கவில்லை. இஞ்சக்காதான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாடா! தெருவே கேக்கும்."

"கேக்கட்டுமே," என்றாள் பொத்தான். "தெருவுல இருக்கிறவங்கல்லாம் கூரியர்லயா வந்தாங்க?"

இஞ்சக்கா மறுபடி உட்கார்ந்தாள். அவளைத் தூக்கிப்போட்டது அந்தப் பொருளின் பெயர் அல்ல. மருந்துக் கடையில் அது கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பதை அவளும் பார்த்திருக்கிறாள். அவளை அசர வைத்தது ஒரு விகுதி. முடிவு பண்ணியிருக்கோம். பேசினோம். நிறுத்தினோம். இந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது?

இஞ்சக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் தங்கம், அதில் மறுபேச்சில்லை. மூத்தவன் வந்தபோது வீட்டில் சொன்ன சொல் 'ஆயிடுச்சு.' இரண்டாமவள் வந்தபோதும் 'ஆயிடுச்சு.' மூன்றாவதுக்கு, 'அதுக்குள்ளயா ஆயிடுச்சு!' மழை பெய்ததுபோல், கரன்ட் போனதுபோல், பால் பொங்கியதுபோல் ஆயிற்று. வேண்டும் என்றோ, வேண்டாம் என்றோ, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றோ யாரும் சொல்லவுமில்லை, அவளை யாரும் கேட்கவுமில்லை. எழுவாயே இல்லாத வாக்கியங்களில் மூன்று பிள்ளைகளைப் பெற்றவள் அவள். அந்த வினைச்சொல்லுக்கு ஒரு எழுவாய் உண்டு, அந்த இடத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து உட்காரலாம் என்பதை, இந்த வயதில் அவளுக்கு, பிஸ்கட் தின்று வளர்ந்த ஒரு பெண் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள். குரல் தானாகவே இறங்கியிருந்தது.

"ரெண்டு வருஷம், மூணு வருஷம். படிப்பு முடியட்டும், ஒரு வேலையில கால் ஊனட்டும். அப்புறம் உக்காந்து பேசுவோம். வேணும்னு தோணினா பெத்துப்போம்."

"தோணலேன்னா?"

"அதையும் பேசுவோம்."

"அதையுமா!"

நட்சத்திரங்களைத் தள்ளி வைப்பதைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது இஞ்சக்காவுக்கு. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவனுக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று வேறு நிறத்தில் இருக்கிறது. இவளுக்குக் காலையில் தலை சீவ நேரமில்லை போலிருக்கிறது. இவர்கள்தான் இதையெல்லாம் முடிவு பண்ணுகிறவர்கள்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஹாஸ்டல்ல பாதி, அது மொத்தமும் தப்பு. க்ளினிக்ல ஒரு நர்ஸ்கிட்ட மீதி, அதுதான் சரி," என்றாள் பொத்தான். "கல்யாணத்துக்கு முன்னாடியே அங்க ரெண்டு பேரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டோம், தொத்து நோய் எதுவும் இருக்கான்னு."

"எங்க காலத்துல மாப்பிள்ளைக்குச் சம்பளத்த மட்டும்தான் டெஸ்ட் பண்ணினாங்க," என்றாள் இஞ்சக்கா. பிறகு, "அப்ப உன் மாமியார்கிட்ட இதச் சொல்லிட வேண்டியதுதானே? நல்ல மனுஷிதானே?"

"நல்லவங்கதான். சொல்லுவோம். ஆனா எப்போ, எப்படின்னு நாங்கதான் முடிவு பண்ணணும். அது என் உடம்புக்கா. உங்க டேப்பு முந்திக்கிட்டுப் போய்ச் சொல்ற விஷயம் இல்ல." பொத்தான் கத்தவில்லை. நூலை அறுப்பதுபோல் சொன்னாள். "இப்பச் சொன்னா, 'படிச்சுட்டு என் பையன் மனசக் கெடுத்துட்டா'ன்னு வகுப்ப நிறுத்துவாங்க. சொல்லலேன்னா, விசேஷம்னு வகுப்ப நிறுத்துறாங்க. எந்தப் பக்கம் வெட்டினாலும் என் படிப்புதான் துண்டாகுது. அடுத்த வாரம் பரீட்சை."

"இன்னிக்குச் சாயங்காலம் அம்மா இங்க வராங்க," என்றான் மெக்கானிக். "இவள வேலையிலேருந்து நிறுத்திக்கிறதா சொல்ல. நான் சொன்னா நம்பல. அட்டையையும் நம்பல. அவங்க நம்புற ஒரே ஆளு நீங்க."

"நான் என்ன சொல்லணும்?"

"டேப்பு தப்புன்னு சொல்லணும்."

கீழே செல்போன் கடையில் யாரோ மணியோசைகளை ஒவ்வொன்றாக ஒலிக்க விட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சக்கா டேப்பின் பித்தளை முனையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது மட்டும் போதுமா?"

"வேற எதையும் சொல்லக்கூடாது. யார்கிட்டயும்."

"அதுதாம்மா கஷ்டம்," என்றாள் இஞ்சக்கா, உண்மையாகவே.

அன்று பிற்பகல் அவள் பட்ட பாடு சரித்திரத்தில் இடம்பெற வேண்டியது. ஒரு ரகசியத்தை வயிற்றில் சுமப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. உட்கார்ந்தால் நெஞ்சுக்கு ஏறியது. நின்றால் நாக்கு நுனிக்கு வந்தது. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த செவிலியர், "என்னக்கா, பேச்சையே காணோம்? ஜுரமா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

திரைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டே இரண்டு கல்லூரிப் பெண்கள் குசுகுசுவென்று பேசினார்கள். இத்தனை நாளும் சினிமாக் கதை என்று அவள் நினைத்திருந்த குசுகுசு. இன்றைக்குக் காது கொடுக்காமலே கேட்டது. "நாள் தள்ளிப் போச்சுடி, யார்கிட்ட கேக்கிறது?" "அந்த க்ளினிக்குக்கு நானும் கூட வரேன், வா." வழக்கமாக இஞ்சக்கா இதற்குள் திரைக்கு உள்ளேயே போயிருப்பாள். இப்போது பெடலை அழுத்தினாள். மெஷின் சத்தத்தில் அந்தப் பேச்சு பத்திரமாக மூழ்கியது. இத்தனை வருடமாகத் தன் கையைக் கடந்துபோன இடுப்புகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு திரை இருந்திருக்குமே என்று நினைத்தபோது, அவளுக்குப் பெரிய கட்டடம் ஒன்றின் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் கழுத்து வலித்தது.

பெண்கள் போனதும் அவள் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். டேப்பை மேசையில் நீட்டினாள். பித்தளைத் தகட்டிலிருந்து ஒன்றரை இஞ்ச் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, நறுக்கினாள். துண்டைத் துணிக் குப்பையில் போட்டாள்.

சாயங்காலம் மாமியார் ஏறி வந்தபோது பெஞ்சில் மேலாளர் அம்மாள், முந்தாநாள் வாங்கிப்போன கோட்டைப் பிடித்துத் தரச் சொல்லி, அதை மாட்டிக்கொண்டே காத்திருந்தார். பொத்தான் மேசையருகே நின்றிருந்தாள்.

"இஞ்சு, இவள இன்னியோட கணக்கு முடிச்சு அனுப்பிடு," என்று மாமியார் மூச்சு வாங்கினார். "ஒன்பது மாசம் இவ தரையில கால் வைக்கக்கூடாது."

"அண்ணி, அதுக்கு முன்னாடி இதப் பாருங்க." இஞ்சக்கா டேப்பை நீட்டினாள். "நுனியில ஒன்றரை இஞ்ச் இல்ல. எப்பப் பிஞ்சு போச்சோ. இத வச்சு அளந்தா யாருக்கும் ஒன்றரை இஞ்ச் கூடத்தான் காட்டும்."

மாமியார் டேப்பைக் கையில் வாங்கினார். டிக்கெட்டைச் சோதிப்பதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது நறுக்குன மாதிரி இருக்கே."

"பிஞ்சது. நூல் தொங்கிச்சு, நான்தான் வெட்டி விட்டேன்."

"வேற டேப்பு இருக்கில்ல? இப்ப அள. என் கண்ணு முன்னாடி."

புது டேப்பு பிரிக்கப்பட்டது. பொத்தான் கைகளைத் தூக்கினாள். டேப்பு இடுப்பைச் சுற்றி வந்து, முப்பத்தொன்றரை என்று தெளிவாகக் காட்டியது. இஞ்சக்கா அந்த எண்ணின்மேல் பெருவிரலை வைத்தாள்.

"முப்பது," என்றாள். "கல்யாணத்தப்ப என்னவோ அதேதான்."

மேலாளர் அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தார். "அப்ப என் கோட்டு? அதுவும் இந்தப் பிஞ்ச டேப்புல அளந்ததுதானா?"

"ஆமாங்க."

"அதான் தொளதொளன்னு இருக்கா! நான் இளைச்சுட்டேன்னு ரெண்டு நாளா எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? வீட்டுல கேக் வாங்கிச் சாப்பிட்டேன்மா!"

அடுத்த இரண்டு வாரத்துக்கு மருத்துவமனையும் வங்கியும் ஹோட்டலும் துணிகளைத் தூக்கிக்கொண்டு இந்தப் படியேறப் போகின்றன என்பது இஞ்சக்காவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. "கொண்டாங்க, எல்லாத்தையும் இலவசமா சரி பண்ணித் தரேன்," என்றாள்.

மாமியார் மட்டும் அசையவில்லை. இஞ்சக்காவின் முகத்தைக் கவுன்ட்டர் ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இஞ்சு. இவங்க ரெண்டு பேரும் உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா? நீ எதையாவது மறைக்கிறியா?"

பொத்தான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இஞ்சக்காவின் வாய் பாதி திறந்தது. அந்த வாய்க்குப் பழக்கம் அப்படி.

மேலாளர் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "இவங்களா? மறைக்கிறதா? நல்ல ஆளாப் பாத்துச் சந்தேகப்பட்டீங்க!"

மாமியாருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் சரிதான். ஏதாவது இருந்திருந்தா இந்நேரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சிருக்கும்." அவர் பொத்தானைப் பார்த்தார். "சரி, வகுப்புக்கு நேரமாகலையா? கெளம்பு."

பொத்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியில் அவள் செருப்புச் சத்தம் இரண்டிரண்டு படியாக இறங்கியது.

மாமியார் உடனே கிளம்பவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "சின்னதா ஒரு தொப்பிகூடப் பின்ன ஆரம்பிச்சுட்டேன்," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல். "எனக்கும் ஆசைதானே."

இஞ்சக்காவுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பேசிப் பெத்துப்பாங்க அண்ணி, கவலைப்படாதீங்க என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும், அந்த முகம் தெளிந்துவிடும். அந்த வரி தொண்டை வரை வந்தும்விட்டது.

மாமியார் எழுந்து படியருகே போய்த் திரும்பினார். "ஏதாவது தெரிஞ்சா மொதல்ல என்கிட்டதானே சொல்லுவே?"

இஞ்சக்கா மேசையிலிருந்து குண்டூசிகளை எடுத்து ஒவ்வொன்றாக உதடுகளுக்கு நடுவில் கடித்துக்கொண்டாள். மேலாளர் அம்மாளின் கோட்டின் பக்கத் தையலைப் பிடித்து, மண்டியிட்டுக் குனிந்து, "ம்," என்றாள்.